அந்த அரைக்கும் ஸ்தோத்திரம்

பிறந்தநாள் வருகிற வாரம், ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று, கடந்த ஒரு வருடத்தில் கர்த்தர் தனக்குச் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். சாட்சிக்கென்று ஒரு நடை உண்டு. முதலில் டாக்டர் கைவிட்டிருக்க வேண்டும். பிறகு முழங்காலில் நின்று அழுதிருக்க வேண்டும். அப்புறம் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கட்டி இருந்த இடமே தெரியவில்லை என்று முடிய வேண்டும். இடுப்பில் லேசாகப் பிடித்துக்கொண்டவர்கள்கூட இந்த நடையிலிருந்து பிசகுவதில்லை. பிசகியவள் பிளஸ்ஸி ஒருத்திதான்.

நாற்பத்தொரு வயது நிறைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி கலையாத பருத்திச் சேலையில் எழுந்து நின்று அவள் சொன்னாள்: "எனக்க வெப்ராளம் போன பெறந்தநாளுக்கு எட்டு இருந்து. இப்போ ஆறரை."

நெஞ்சு படபடத்து, கைகால் ஓடாமல் போகிற நிலைக்குத்தான் அந்தப் பக்கத்தில் வெப்ராளம் என்று பெயர். அதைப் பத்துக்கு எத்தனை என்று அளந்து பார்க்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் நாகர்கோவிலில் இருக்கும் மனநல டாக்டர் பிரிஜா. சைபர் என்றால் தொந்தரவே இல்லை. பத்து என்றால் ஆளைப் படுக்கப் போட்டுவிட்டது. சபைக்கு இதெல்லாம் தெரியாது. ஆறரைக்குப் பிறகு ஏதோ வரப்போகிறது, கடைசியில் சைபருக்கு வந்து சேருவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

போதகர் நல்ல மனிதர். யாரையும் அந்தரத்தில் விடமாட்டார். "ஒரே வருசத்துல கர்த்தர் ஒண்ணரை கொறச்சிருக்காரு, அல்லேலூயா!" என்றார். பிளஸ்ஸி மறுபடியும் எழுந்தாள்.

"அதுல ஒண்ணு மாத்திரை ஐயா. அரைதான் ஜெபம்."

பெண்கள் பக்கத்தில் சேலை முந்தானைகள் வாய்க்குப் போயின. போதகர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "அந்த அரைக்கும் ஸ்தோத்திரம்," என்று சொல்லி அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு ஆறரை என்று ஒரு பெயர் விழுந்தது. அவளிடமே வந்து ஒருத்தி இதைச் சொன்னபோது, "இப்போ ஆறுதான்" என்று அவள் திருத்தினாள்.

திங்கள்சந்தைக்குத் தெற்கே, தென்னைகளுக்கு நடுவில் இருந்த ஓட்டு வீட்டில் அம்மா தங்கபாயோடு வாழ்ந்து வந்தாள் பிளஸ்ஸி. சந்தையில் மகேஷ்குமார் நடத்தும் டி.டி.பி. சென்டரில் வேலை. கல்யாணக் குறி என்கிற அழைப்பிதழும் அவள்தான் அடிப்பாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அவள்தான் அடிப்பாள். எழுத்துப் பிழை இருக்காது. ஆனால் வாடிக்கையாளர் பக்கத்தில் வந்து நின்று திரையில் விரல் வைத்தால் எழுந்து போய்விடுவாள். மகேஷ்குமார் அவளுக்கு ஒரு பிளைவுட் தடுப்பு போட்டுக் கொடுத்துவிட்டுச் சண்டையில்லாமல் இருந்தார்.

இருபது வயதுக்கு மேல் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "சமைக்கத் தெரியுமா மக்கா?" என்று பையனின் அம்மா கேட்டாள். "தெரியும். பிடிக்காது," என்றாள் பிளஸ்ஸி. பையன் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பு சத்தம் பெரிதாக இருந்ததால் பிளஸ்ஸி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வயதில்தான் வெப்ராளத்துக்கும், காலையில் எழுந்திருக்கவிடாத சோர்வுக்கும் மாத்திரை தொடங்கியது. ஆட்டிசம் என்ற பெயர் கிடைத்தது முப்பத்தெட்டாவது வயதில்.

"அது சின்னப் பிள்ளைகளுக்கு வரியதுல்லா? இந்த வயசுல ஒனக்கு எப்படிட்டி வந்து?" என்று தங்கபாய் ஆட்டோவில் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வரல்லம்மா. மொதல்லயே இருந்து. நமக்குப் பேருதான் தெரியாம இருந்து."

தங்கபாய் அன்று மகளுக்குப் பிடித்த மரச்சீனிக்கிழங்கை மீன்கறி படாமல் தனித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் கொடுத்து வந்தாள். பெயர் வந்ததால் எதுவும் மாறிவிடவில்லை. மூன்று வருடம் கழித்து, அந்தச் சாட்சிக்குப் பின் வந்த மழைக்காலத்தில், தங்கபாய் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்கு மஸ்கட்டிலிருந்து ஓடிவந்த அண்ணன் செல்வதாஸ் மூன்றே நாளில் திரும்பிப்போக வேண்டியிருந்தது. அடுத்த விடுமுறைக்கு அவன் வந்தது எட்டு மாதம் கழித்து. கோடாலித் தைலம், சோப்பு, பால்பவுடர் எல்லாம் வந்து இறங்கின. கூடவே ஒரு தீர்மானமும் வந்து இறங்கியது. தங்கச்சி இனிமேல் தனியாக இருக்கக்கூடாது. மயிலாடியில், மனைவி ஷெர்லியின் ஊரில், அவன் கட்டியிருக்கும் மாடி வீட்டில் ஷெர்லியோடு வந்து இருக்க வேண்டும்.

செல்வதாஸ் பாசக்காரன். பாசம் அதிகமாகிவிட்டால் அவனுக்குக் குரல் உயரும். "நீ இஞ்ச தனியா நிக்கியா, அங்க எனக்கு ஒறக்கம் வருமாட்டி?"

"வாராவாரம் போன்ல சொகம்னுதான எழுதின. ஒறக்கம் வரல்லன்னு எழுதல்லியே."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லியது."

"செரி. நான் வரல்ல. இது எனக்க வீடு. எனக்கு இஞ்சதான் நிக்கணும்."

இதில் பிளஸ்ஸிக்கு விளையாட்டே கிடையாது. அந்த வீட்டில் எந்தக் கதவு எந்த நேரத்தில் முனகும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே அவள் முகத்தை ஒருவருக்காகவும் சரிசெய்து வைத்திருக்க வேண்டியதில்லை. செல்வதாஸும் விடுகிற ஆளில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னான்.

"டாக்டர்ட்ட போவோம். அந்தப் பத்துக்கு எத்தனைங்கிற கணக்க அவங்க முன்னாடி நீயே சொல்லு. அஞ்சுக்கு மேல போச்சுன்னா மயிலாடி. கீழன்னா நான் வாயத் தொறக்கமாட்டேன். சம்மதமா?"

அவளுடைய கணக்கை வைத்தே அவளை மடக்கிவிட்டதில் அவனுக்குப் பரம திருப்தி. பிளஸ்ஸி தலையாட்டினாள். "சம்மதம். ஆனா போய்ப் பாக்காத எடத்துக்கு நான் எப்படி மார்க் போடுவேன்? ஒரு வாரம் அங்க நின்னுட்டு வாறேன்." அவனுக்கு அவள் தந்திரம் பண்ணுகிறாளா நியாயம் பேசுகிறாளா என்று புரியவில்லை. அவள் நியாயம்தான் பேசினாள்.

மயிலாடியில் செல்வதாஸ் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், சத்தம். வீட்டைச் சுற்றிலும் சிற்பக் கூடங்கள். விடிந்ததிலிருந்து உளி கல்லில் விழுந்துகொண்டே இருக்கும். தங்கச்சியின் அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மாட்டி, கம்பளி மாதிரி ஒரு திரையும் தொங்கவிட்டிருந்தான். முதல் நாள் காலையில் டங், டங் என்று தொடங்கியதும் அண்ணனும் மைனி ஷெர்லியும் வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

"எத்தன?" என்றான் செல்வதாஸ், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு. அடுத்த அடி எப்போ விழும்னு தெரியுதுல்லா. நல்லாத்தான் இருக்கு."

கல் அறுக்கிற மிஷின் ஓடும்போது மட்டும் காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டாள். செல்வதாஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி என்ன தடை என்று சாயங்காலமே ஒரு கட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

தடை வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. ஷெர்லிக்கு நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனசுக்கு ஓய்வு கிடையாது என்பதுதான் விஷயம். "சாப்டியா பிளஸ்ஸி?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்றால், "என்னத்த சாப்ட, கோழி கொத்தினாப்புல," என்பாள். பிளஸ்ஸி சும்மா உட்கார்ந்திருந்தால் "என்ன யோசிக்கியா?" என்பாள். யோசிக்கவில்லை என்றால் "மொகம் வாடிக் கெடக்கே" என்பாள். ஏத்தங்காய் வறுவல் வரும், சாயா வரும், மறுபடியும் சாப்டியா வரும். போதாததற்கு நாத்தனாரைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எல்லோரையும் ஷெர்லி பிளஸ்ஸி இருக்கிற அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தாள், அவளுக்கு மனசு தேறட்டும் என்று. நாலாம் நாள் பிளஸ்ஸி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அமைதியாக இருந்தது. சற்று நேரத்தில் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"மக்கா, ஒண்ணுமில்லியே? சாயா போடட்டா?"

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. பிளஸ்ஸி அதைக் கவனித்துவிட்டாள். கவனிக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மயிலாடிக்கு வந்ததிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருக்கும் பாரம் அங்கே அவ்வளவாக வரவில்லை. வெப்ராளம் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கியிருந்தது உண்மைதான். ஆனால் அம்மா போன பிறகு வீட்டில் அந்தச் சோர்வு எப்படி ஏறிப்போயிருந்தது என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வீடு போய்விடும். டாக்டர் முன்னால் அதை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்.

டாக்டர் பிரிஜாவின் அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. நடுவில் பிளஸ்ஸி, இரண்டு பக்கமும் அண்ணனும் மைனியும். செல்வதாஸ் ஒப்பந்தத்தை விளக்கினான். டாக்டர் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"செரி பிளஸ்ஸி. ஆட்டிசம் உங்கள எவ்வளவு தடுக்கு? எத்தன சொல்லுவீங்க?"

"எங்க வச்சு?"

"எங்க வச்சுன்னா?" செல்வதாஸ் குறுக்கே வந்தான். "எல்லா எடத்துக்கும் ஒரே தலையத்தான தூக்கிட்டுப் போற?"

டாக்டர் அவனைக் கையமர்த்தினார். பிளஸ்ஸி மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்க வீட்டுல ஒண்ணு. கடையில ரெண்டு. கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடினா அஞ்சு. சர்ச்சுல புது ஸ்பீக்கர் வச்சதுக்குப் பெறவு ஏழு. மயிலாடியில ஒம்பது."

"அந்தக் கல்லுச் சத்தந்தான!" செல்வதாஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "டாக்டர், நான் ஜன்னலு மூணு கண்ணாடியா மாத்தி..."

"கல்லு ரெண்டுதான் அண்ணே. பாக்கி ஏழு மைனி."

ஷெர்லியின் முகம் சிவந்து, கண் நிறைந்தது. பிளஸ்ஸிக்குத் தான் சொன்னதில் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. "மைனி நல்லவ," என்று சேர்த்தாள். "நல்லவளா இருக்கியதுக்குத்தான் ஏழு."

ஷெர்லி வாயைத் திறந்தாள். தண்ணீர் வேணுமா என்று கேட்கத்தான் திறந்தாள் போலிருக்கிறது. மூடிக்கொண்டாள்.

"அடுத்தது சோர்வு," என்றார் டாக்டர்.

மூன்று என்று சொன்னால் போதும். வீடு அவளுக்கு. மூன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிளஸ்ஸிக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்கள் மகேஷ்குமாரைக் கேட்டிருக்க வேண்டும். வயிற்றுவலி என்று எத்தனை முறை லீவு வாங்கியிருக்கிறாள்! அவளுக்கு நன்றாகவே பொய் வரும். ஆனால் இந்த எண்களில் வராது. சின்ன வயதிலிருந்து சத்தம் வலிக்கிறது என்றால் நடிக்கிறாள் என்றார்கள். பயமாக இருக்கிறது என்றால் கொழுப்பு என்றார்கள். எத்தனை என்று கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது இந்த ஒரு அறையில்தான். இங்கேயும் பொய் சொல்லிவிட்டால் பிறகு அவள் சொல்வதற்கு எங்கேயும் மதிப்பிருக்காது, அவளிடம்கூட.

"மயிலாடியில மூணு," என்றாள். "எனக்க வீட்டுல எட்டு."

பிளஸ்ஸி நிறுத்தவில்லை. "அம்மா போனதுக்குப் பெறவு அடுப்பு பத்தவைக்காத நாளு உண்டு. எந்திக்காம, பல்லு தேக்காம கெடந்த நாளும் உண்டு. மகேஷ்குமார் அண்ணன் போன் செய்வாரு. வயித்துவலின்னு எழுதி அனுப்புவேன்."

செல்வதாஸ் ஜெயித்துவிட்டான். ஜெயித்த முகம் அப்படி இருக்காது. "ஏட்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? வாராவாரம் சொகம்னுதான எழுதின?"

"நீயும் அதத்தான எழுதின."

அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, பழக்கதோஷத்தில், கணக்குப் போட்டுப் பார்த்தான். வீட்டில் ஒன்றும் எட்டும். மயிலாடியில் ஒன்பதும் மூன்றும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவனுடைய அஞ்சு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. "இதுல நீங்கதான் ஒரு தீர்ப்பு சொல்லணும் டாக்டர்," என்றான்.

"நான் சொல்லமாட்டேன்," என்றார் பிரிஜா. "பிளஸ்ஸி, வீட்டுல அந்த எட்டு ஏழாவணும்னா என்ன வேணும்?"

பிளஸ்ஸி மறுபடியும் பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. "சாப்டியான்னு யாராவது கேக்கணும்."

ஷெர்லி நிமிர்ந்தாள்.

"ஆனா ஒருதடவ. மொகத்தப் பாத்து இல்ல. போன்ல எழுதி."

"ஒருதடவன்னா ஒரு நேரத்துக்கா, ஒரு நாளைக்கா?" என்றாள் ஷெர்லி.

"நாளைக்கு."

"மூணு நேரம் திங்கியவளுக்கு ஒருதடவ கேட்டா எப்படி மக்கா காணும்? ரெண்டு வச்சுக்க."

சந்தையில் மீன் விற்கிறவள்போல ஷெர்லி இறங்கவே மாட்டேன் என்றாள். இரண்டுக்கு முடிந்தது. தினமும் காலையில் பிளஸ்ஸி தன் சோர்வின் எண்ணைப் போனில் இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும். எட்டு வந்தால் ஷெர்லி பஸ் ஏறிச் சோற்றோடு வருவாள், வராந்தாவில் உட்காருவாள், பேசமாட்டாள். பேசாமல் இருப்பதற்குத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகத்தான் ஷெர்லி வாக்குக் கொடுத்தாள். பிளஸ்ஸி தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். அண்ணனும் மஸ்கட்டிலிருந்து தன் எண்ணை அனுப்ப வேண்டும். சொகம் என்று எழுதினால் செல்லாது.

"எனக்கென்னட்டி சூக்கேடு, நோயா நொடியா?" என்று சிரித்தான் செல்வதாஸ்.

"சூக்கேடு இல்லன்னா சைபர் போடு. கையா வலிக்கும்?"

அவன் மஸ்கட்டுக்குத் திரும்பிப்போனான். பிளஸ்ஸி தன் வீட்டிலேயே தங்கினாள். அவளிடமிருந்து ஆறு போகும், ஏழு போகும், ஒருநாள் நாலும் போனது. இரண்டு முறை எட்டு போனது. இரண்டு முறையும் ஷெர்லி தூக்குச்சட்டியோடு வந்து, வராந்தாவில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அவள் பேசாமல் இருக்கப் படுகிற பாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டாம் முறை பிளஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து பாயை எடுத்துப் போட்டாள்.

மஸ்கட்டிலிருந்து மட்டும் சைபர்தான். விடிந்தால் சைபர். ஒரு மாதம் பார்த்துவிட்டு பிளஸ்ஸி எழுதினாள்: "தெனமும் சைபர் வாங்க ரெண்டு பேருக்குத்தான் முடியும். ஒண்ணு செத்தவன், இல்லன்னா பொய்யன். நீ யாரு?" பதிலுக்கு ஒரு சிரிக்கும் பொம்மை வந்தது. மறுநாளும் சைபர் வந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவள் அஞ்சு என்று அனுப்பிவிட்டுச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தபோது, போன் மினுங்கியது. அண்ணன்தான். பொம்மை இல்லை, வேறு சொல் எதுவும் இல்லை. 7 என்று மட்டும் இருந்தது.

பிளஸ்ஸி அடுப்பை அணைத்தாள். போனில் பேசுவதற்கு அவள் எப்போதும் போடுகிற மார்க் எட்டு. வருகிற அழைப்பையே எடுக்கமாட்டாள். தானாக ஒருவரையும் அழைத்தது கிடையாது. அம்மா போனதைக்கூட அண்ணனுக்கு எழுதித்தான் தெரிவித்தாள். எழுதலாம் என்றுதான் இப்போதும் விரலை வைத்தாள். எழுதவில்லை. அவன் பெயரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். எடுத்தவன் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. யாரிடம் பேசுவதென்றாலும் இரண்டு வாக்கியமாவது முன்கூட்டி அடுக்கி வைத்துக்கொள்கிறவள் அவள். இன்று ஒன்றும் அடுக்கி வைக்கவில்லை. வாயில் வந்தது அவளுக்கு உலகத்திலேயே பிடிக்காத கேள்வி.

"சாப்டியா அண்ணே?"

"இல்லட்டி," என்றான் செல்வதாஸ். "நேத்தும் இல்ல."

"செரி. போயி எடுத்துத் தின்னு. நான் போன வைக்கல்ல."

கட்டில் கிறீச்சிடுவதும், அவன் செருப்பை மாட்டுவதும், பாத்திரம் ஒன்று நகர்வதும் கேட்டது. பிளஸ்ஸி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தின்று முடிக்கிறவரை வைக்கவில்லை.